பூச்சிகளும் தூங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறவர்களும், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்தான் இவற்றில் பெரும்பாலானவை. மற்றவை வாட்ஸ்அப்பில் படத்தோடு வந்தவை: “அண்ணே, இது செத்துப்போச்சா, தூங்குதா?” பல நேரம் இரண்டும் இல்லை. அதனால்தான் பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

பூச்சிகள் உண்மையிலேயே தூங்குமா, சும்மா அசையாமல் உட்கார்ந்திருக்குமா?

தூங்கும். பழ ஈ, தேனீ, கரப்பான், எறும்பு, கொசு என்று நன்றாக ஆராயப்பட்ட பூச்சிகளில் தூக்கம் என்று சொல்லத்தக்க நிலை தெரியவந்திருக்கிறது. ஆனால் அசையாமல் இருப்பதெல்லாம் தூக்கமில்லை. இரைக்காகக் காத்திருக்கும் கும்பிடுபூச்சி நெடுநேரம் ஆடாமல் அசையாமல் நிற்கும். அது முழு விழிப்பில் இருக்கிறது. ஈ ஒன்று கிட்டே வந்து உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

கண்ணிமையே கிடையாது. அப்புறம் தூங்குகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நடத்தையை வைத்துத்தான். தூங்கும் பூச்சி தனக்கென்று ஓர் இடத்தையும் ஒரு கிடப்பையும் தேடிக்கொள்ளும். சின்ன அதிர்வுக்கோ வெளிச்சத்துக்கோ சட்டென்று அசையாது. கொஞ்சம் பலமாகத் தொந்தரவு செய்தால்தான் எழும். ஆனால் எழுந்துவிட்டால் உடனே வழக்கம்போல நடக்கும், பறக்கும். மயக்கத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது இன்னொன்று: தூங்கவிடாமல் செய்தால், விட்ட தூக்கத்தைப் பிறகு ஈடுகட்ட வேண்டும். வெறும் ஓய்வென்றால் கடன் சேராது. சுவிட்சர்லாந்தின் ஐரீன் டோப்லர் 1983-இல் கரப்பான்களை ஓய்வு நேரத்தில் கட்டாயமாக நடக்கவைத்துப் பார்த்தார். விட்டபிறகு அவை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஓய்வெடுத்தன. கரப்பானுக்கும் தூக்கக் கடன் உண்டு என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் அது ஒன்று.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பழ ஈக்களை இதே அளவுகோலால் சோதித்து, அவையும் தூங்குகின்றன என்று எழுதின. அதிலிருந்துதான் இந்தத் துறை சூடுபிடித்தது. தேக்கா சந்தையில் வாழைப்பழச் சீப்பைச் சுற்றிப் பறக்கும் பொடி ஈக்களின் இனத்தார்தான் இவை. ஒவ்வோர் ஈயையும் பென்சில் தடிமனுக்கும் குறைவான கண்ணாடிக் குழாயில் விட்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுவார்கள். ஈ குழாயில் முன்னும் பின்னும் நடக்கும்போதெல்லாம் கதிர் அறுபடும், கணினி எண்ணிக்கொள்ளும். தொடர்ந்து 5 நிமிடம் அசைவில்லை என்றால் அதைத் தூக்கம் என்று கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. நமக்கு 5 நிமிடம் ஒரு தூக்கமா என்று தோன்றலாம். ஆனால் அவ்வளவு நேரம் அசையாத ஈயை எழுப்ப, அப்போதுதான் நின்ற ஈயை எழுப்புவதைவிடப் பலமான தட்டு வேண்டியிருக்கிறது.

தேனீ தூங்கும்போது எப்படி இருக்கும்?

பூச்சித் தூக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தேனீதான் சரியான ஆள். ஜெர்மனியின் வால்ட்டர் கைசர் 1980-களில் இரவிரவாகத் தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழித்திருக்கும் தேனீயின் உணர்கொம்புகள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். தூக்கம் வர வர அந்த ஆட்டம் குறையும், கொம்புகள் மெல்லத் தொங்கும். கழுத்துத் தசை தளர்ந்து தலை சாயும், எம்ஆர்டியில் கடைசி ரயிலில் தூங்கி வழிகிறவரைப் போல. கால்கள் மடங்கி உடல் தாழும். இடையிடையே உணர்கொம்பு மட்டும் லேசாகத் துடிக்கும். உடல் சூடும் இறங்கும்.

அவரும் உடன் ஆய்வு செய்தவரும் 1983-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: தேனீயின் பார்வையோடு தொடர்புள்ள நரம்பணுக்கள் பகலில் எதிர்வினை காட்டும் அளவுக்கு இரவில் காட்டுவதில்லை. கண் திறந்துதான் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

எல்லாத் தேனீயும் ஒரே மாதிரி தூங்குவதும் இல்லை. கூட்டுக்குள் வேலை செய்யும் இளம் தேனீக்களுக்கு இரவு பகல் என்ற கணக்கு கிடையாது. கிடைத்த நேரத்தில், பல சமயம் காலி அறைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போடும். வெளியே போய்த் தேன் கொண்டுவரும் மூத்த தேனீக்கள்தான் இரவில் ஒழுங்காகத் தூங்குகின்றன. பூ எந்த நேரத்தில் மலரும் என்று தெரிந்து போய்வர வேண்டியவை அவைதானே.

தூக்கம் கெட்டால் தேனீக்கு என்ன ஆகும்?

வழி சொல்வதில் பிசகும். இதைக் கண்டுபிடித்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பாரெட் கிளைன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் சில தேனீக்களின் முதுகில் துளி எஃகுத் துண்டையும், வேறு சிலவற்றின் முதுகில் செம்புத் துண்டையும் ஒட்டினார்கள். இரவு முழுக்கக் கூட்டுக்கு அருகே காந்தங்களை முன்னும் பின்னும் இழுத்தார்கள். எஃகு ஒட்டிய தேனீக்கு மட்டும் விடிய விடிய உலுக்கல். பக்கத்திலேயே இருந்த செம்புத் தேனீக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் முதுகில் சுமை உண்டு, ஒன்றுக்கு மட்டும்தான் தூக்கம் போனது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேண்டுமா?

பூ இருக்கும் திசையைத் தேனீ தன் கூட்டாளிகளுக்கு ஆடிக் காட்டும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தூக்கம் இழந்த தேனீக்களும் மறுநாள் ஆடத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவை காட்டிய திசை முன்னுக்குப் பின் தடுமாறியது. 2010-இல் வெளிவந்த முடிவு இது. தூக்கம் கெட்டு வேலைக்குப் போய், தெரிந்த விஷயத்தையே குழப்பிச் சொல்லும் நிலை நமக்கு மட்டும் வாய்த்ததில்லை.

எறும்பு ஓய்வே எடுக்காதாமே?

பள்ளிக்கூடத்தில் சுறுசுறுப்புக்கு எறும்பைக் காட்டிச் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெபி கேசில் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒரு வகைச் செந்நெருப்பு எறும்பைக் கவனித்து 2009-இல் எழுதினார்கள். வேலைக்கார எறும்பு ஒரு நாளில் ஏறக்குறைய 250 முறை தூங்குகிறது. ஒவ்வொரு தூக்கமும் ஒரு நிமிடத்தை ஒட்டித்தான். கூட்டினால் 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எந்த நேரத்திலும் சில எறும்புகள் தூங்க, மற்றவை வேலை செய்வதால் புற்று ஓய்வதே இல்லை. நமக்குத் தெரிவது அந்த ஓயாத புற்றுதான்.

ராணியின் கதை வேறு. அவள் ஒரு தடவைக்கு 6 நிமிடம்போல, நாளில் சுமார் 90 முறை, மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறாள். ராணிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன, வேலைக்காரிகளின் ஆயுளோ அதில் சிறு பங்குதான். இரண்டையும் முடிச்சுப் போடலாமா என்று ஆசையாக இருக்கும். ஆனால் ராணி முட்டையிடுவதோடு சரி, ஆபத்தான வேலைக்கே போவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டெங்கிக் கொசு பகலில் கடிக்கிறதே, இரவில் தூங்குமா?

தூங்கும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முக்கியமாக விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும் சுறுசுறுப்பாக இருக்கும். மற்ற நேரத்தில் கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில், அலமாரிக்குள் தொங்கும் உடைகளுக்கு நடுவில் என்று இருட்டான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடும். இப்படி உட்காருவதில் எது தூக்கம் என்று பிரிப்பது சுலபமில்லை. கொசு ஆளைப் பார்த்தால் எழுந்துவிடும், அதனால் பார்க்கிறவரே சோதனையைக் கெடுத்துவிடுவார்.

2022-இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, ஆள் கிட்டே போகாமல் கேமராவாலும் அகச்சிவப்புக் கதிராலும் மூன்று வகைக் கொசுக்களைக் கவனித்தது. அவற்றில் ஏடிஸும் ஒன்று. விழித்திருக்கும் கொசு பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். தூக்கம் ஆழ்ந்தால் கால்கள் தாழ்ந்து, உடல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதிர்வு கொடுத்துத் தூக்கத்தைக் கெடுத்தபோது, பிறகு கூடுதலாகத் தூங்கிக் கடனை அடைத்தன. அது மட்டுமில்லை, கடிக்க மனிதரைத் தேடி வருவதும் குறைந்தது. இரத்தம் வேண்டுமா, தூக்கம் வேண்டுமா என்ற கேள்வியில் தூக்கம் ஜெயித்தது.

சரி, அப்படியானால் கொசுவைத் தூங்கவிடாமல் செய்தால் டெங்கி ஒழியுமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்விதான், ஆனால் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியவிட வேண்டாம். செயற்கை வெளிச்சம் கொடுத்தபோது ஏடிஸ் கொசு இரவிலும் கடிப்பது கூடியதாக 2020-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுவதே நமக்குத் தெரிந்த நல்ல வழி.

காய்ந்த வாளியில் இருக்கும் கொசு முட்டை? அதுவும் தூக்கமா?

இல்லை. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். உள்ளே இருக்கும் குஞ்சு வளர்ந்து தயாராகி, நீர் வரும்வரை பொரியாமல் காத்திருக்கும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். 9 மாதம்வரை என்று இங்கே தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. நீர் பட்டால் பொரிந்துவிடும். தட்டினாலோ குலுக்கினாலோ எழாது, விட்ட ஓய்வை ஈடுகட்டுவதும் இல்லை. ஆகவே அது வாழ்வை நிறுத்திவைத்தல், தூக்கமில்லை. நீரைக் கொட்டிய பிறகு வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

நள்ளிரவில் அடுப்படி விளக்கைப் போட்டதும் கரப்பான் பாய்ந்து ஓடுகிறது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறதா?

அது தூங்கவே இல்லை, அது அதன் வேலை நேரம். கரப்பான் பகலில்தான் இடுக்குக்குள் தூங்கும். உங்களைத்தான் அது தூக்கம் கெட்டவராக நினைக்க வேண்டும்.

மருந்தடித்த பின் மல்லாந்து கிடந்து காலை உதறுவதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அது நரம்பு கெட்ட நிலை. வீட்டில் அடிக்கும் பல மருந்துகள் நரம்பணுக்களை ஓயாமல் தூண்டிவிடுபவை. தூங்கும் கரப்பான் வயிறு தரையோடு படிய, உணர்கொம்பு தாழ்ந்து, நேராகத்தான் கிடக்கும்.

அரிசியில் இருக்கும் வண்டைத் தட்டில் கொட்டினால் அப்படியே கிடக்கிறது, கொஞ்ச நேரத்தில் நடக்கிறது. தூங்கியதா?

இதை வீட்டிலேயே பார்க்கலாம், காசு செலவில்லை. வண்டு விழுந்த அரிசியை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். கருப்புப் புள்ளிகளாக நாலைந்து வண்டுகள் கிடக்கும். கிட்டே குனிந்து பார்த்தால் ஆறு கால்களையும் உடலோடு ஒடுக்கி, நீண்ட மூக்கையும் கீழே மடக்கிக்கொண்டிருப்பது தெரியும். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் இன்னும் இறுகும். உருட்டிவிட்டால் அரிசிமணியோடு மணியாக உருளும். தொடாமல் விட்டுவிட்டுக் காத்திருங்கள். முதலில் உணர்கொம்பு நீளும், பிறகு ஒரு கால், அப்புறம் எழுந்து தட்டின் விளிம்பைப் பார்த்து நடக்கும்.

இது சாவு நடிப்பு. செத்ததைத் தின்ன விரும்பாத எதிரியிடமிருந்து தப்பும் வழி. தூக்கத்துக்கு நேர் எதிர் என்றே சொல்லலாம்: தூங்கும் பூச்சியைத் தொட்டால் எழும், இதைத் தொட்டால் அசைவை நிறுத்தும். நடிப்பில் கெட்டிக்காரப் பூச்சிகள் இன்னும் உண்டு. மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழிநரியின் புழு ஒன்று 61 நிமிடம் செத்ததுபோல் கிடந்ததாக 2021-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

அரிசியைக் குளிர்பெட்டியில் வைத்தால் வண்டு அசையாமல் போவது மூன்றாவது வகை, குளிர் மயக்கம். இந்த வண்டுக்குத் தன் உடல் சூட்டைக் காக்கத் தெரியாது. குளிர்ந்தால் நரம்பும் தசையும் நின்றுவிடும். வெளியே எடுத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நடமாடும். ஒழித்துக்கட்ட வேண்டுமென்றால் உறைபெட்டியில் நாலைந்து நாள் வைக்க வேண்டும்.

கறிவேப்பிலைச் செடிப் புழு நேற்றிலிருந்து அசையவில்லை. தூக்கமா, நோயா?

பெரும்பாலும் தோலுரிக்கத் தயாராகிறது. தாழ்வாரத்தில் கறிவேப்பிலை வளர்க்கும் நம்மவர் வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. எலுமிச்சைக் குடும்பச் செடிகளை உண்ணும் வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். சின்ன வயதில் அவற்றின் புழு பறவை எச்சம்போல இருக்கும், கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும் முன்பும் இலைமேல் மெல்லிய பட்டு நூலால் பிடிமானம் செய்து, அதைப் பற்றிக்கொண்டு ஒரு நாள்போல உண்ணாமல் இருக்கும். உள்ளே புதுத் தோல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அப்போது இழுத்து இடம் மாற்றினால் பிடி விட்டுப்போய்ப் பழைய தோலைக் கழற்ற முடியாமல் செத்துப்போகலாம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாற்றமடிக்கும் இரட்டைக் கொம்பை நீட்டும். அதற்குப் பிறகாவது விட்டுவிடுங்கள். செடியில் நாலு ஈர்க்கு இலை போனால் சாம்பாருக்குக் குறை வராது.

கூட்டுப்புழுவும் தூங்குவதில்லை. புழுவாக இருந்த உடலின் பெரும்பகுதியைக் கலைத்துச் சிறகும் நீண்ட காலும் உறிஞ்சுகுழலும் கட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. வெளியிலிருந்து பார்க்க அமைதி, உள்ளே ஓயாத கட்டுமானம்.

மாலையில் ஒரு காய்ந்த தண்டில் வரிசையாகத் தேனீக்கள் தொங்குகின்றன, கால்கூடப் படவில்லை. என்ன செய்கின்றன?

நீங்கள் கொடுத்துவைத்தவர். அவை நீலப் பட்டைத் தேனீக்கள், வயிற்றில் பளபளக்கும் நீலக் கோடுகள் இருக்கும். கூட்டமாகக் கூடு கட்டி வாழும் இனமில்லை. பெண் தேனீ மண்ணில் வளை தோண்டி அதற்குள் தூங்கும். ஆண்களுக்கு வீடு கிடையாது. பொழுது சாயும்போது ஒரு புல் தண்டையோ காய்ந்த குச்சியையோ தாடையால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கால்களை ஒடுக்கி, உடலை அந்தரத்தில் நீட்டியபடி தூங்கிவிடும். தாடைப் பிடி விடிய விடிய விடாது. ஒன்று பிடித்த தண்டிலேயே மற்றவையும் வந்து வரிசையாகக் கடித்துத் தொங்கும். நடுநடுவே இடத்துக்குச் சின்னச் சண்டையும் நடக்கும்.

தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று காய்ந்த தண்டுகளையெல்லாம் மொட்டையடிப்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: ஓர் ஓரத்தில் நாலு தண்டை விட்டுவையுங்கள்.

நடைபாதைக் கைப்பிடியில் பெரிய தேனீக் கூட்டம் தொங்குகிறது. ராத்தூக்கமா?

இல்லை. ராணியோடு பிரிந்துவந்த கூட்டம் அது. ஒற்றுத் தேனீக்கள் புது இடம் தேடிப் போயிருக்க, மற்றவை காத்திருக்கின்றன. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாகப் போய்விடும். தூங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் அடிக்கவோ கல் எறியவோ வேண்டாம். போகவில்லை என்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

உள்ளங்கை அகல அந்துப்பூச்சி நாள் முழுக்க மின்தூக்கிப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது. உடம்புக்கு முடியவில்லையா?

இரவுப் பூச்சிக்குப் பகல்தான் ஓய்வு. பழுப்பு நிறம், குறுக்கே வெள்ளைக் கோடு, பின்சிறகில் வால் என்றால் அது இந்தப் பகுதிக்கே உரிய பெரிய வால் அந்துப்பூச்சி. மே முதல் ஆகஸ்ட் வரை அதிகம் கண்ணில் படும். 2014-இல் தீவெங்கும் ஏராளமாக வந்து செய்தியானது. இறந்துபோன சொந்தக்காரர் பார்க்க வந்திருக்கிறார் என்று சீன அண்டைவீட்டார் சிலர் நம்புவார்கள், அதனால் விரட்ட மாட்டார்கள். பூச்சிக்கு அந்த நம்பிக்கை நல்லதாகவே முடிகிறது. இருட்டியதும் பறந்துவிடும்.

ஆனால் தாழ்வார விளக்கடியில் இரவிலும் உட்கார்ந்தே இருக்கும் பூச்சியின் நிலை வேறு. பறக்கும் பூச்சி முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துத்தான் மேலெது கீழெது என்று அறியும் என்றும், விளக்கடியில் அந்தக் கணக்கு கெட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது என்றும் 2024-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சுற்றி ஓய்ந்தவை சுவரில் அமர்ந்துவிடும். இரவு முழுக்க இரை தேடலும் துணை தேடலும் போச்சு. 2016-இல் வெளிவந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடம் சிங்கப்பூருக்குத்தான். முதலிடம் வருவதில் நமக்கு உள்ள ஆசை தெரிந்ததுதான், இது மட்டும் வேண்டாமே.

இங்கே குளிர்காலமே இல்லை. பூச்சிகள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடப்பது உண்டா?

குளிர்நாட்டுப் பூச்சிகள் பகல் குறுகுவதை வைத்து, பனி விழும் முன்பே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அந்த நிறுத்தம் ஹார்மோனால் நடப்பது. வெளியே ஒருநாள் வெயில் அடித்தாலும் கலையாது. நாம் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டு முழுக்கப் பகல் நீளம் பத்து நிமிட அளவுக்குத்தான் மாறுகிறது. இங்குள்ள பூச்சிகளுக்கு வறட்சியும் உணவுத் தட்டுப்பாடும்தான் பெரிய சங்கதி.

வறட்சிக்கு உச்சமான எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரில் வாழும் ஒருவகைக் கடிக்காத கொசுவின் புழு, குழி வற்றும்போது உடலிலுள்ள நீரில் ஏறக்குறைய 97 விழுக்காட்டை இழந்து சருகாகிவிடும். டிரெஹலோஸ் என்ற சர்க்கரை நீரின் இடத்தைப் பிடித்து அணுக்களைக் காக்கும். 17 ஆண்டுகள் காய்ந்து கிடந்த புழு நீரில் போட்டதும் அசைந்தது. உயிர்ச்செயலே நின்றுபோன அதைத் தூக்கம் என்றால் தூக்கம் கோபித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் 17 ஆண்டுக்கு ஒருமுறை வரும் சில்வண்டு அத்தனை காலம் மண்ணுக்குள் தூங்குகிறது என்று படித்தவர்களுக்கு: அது தூங்கவில்லை, வேர்ச்சாற்றை உறிஞ்சி மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஈக்குக் கோப்பி கொடுத்தால்?

தூக்கம் குறையும். பழ ஈக்குக் காஃபீன் கொடுத்தால் விழித்திருக்கிறது, சளிக்கும் அரிப்புக்கும் தரும், தூக்கம் வரவைக்கும் சிலவகை மருந்து கொடுத்தால் கூடுதலாகத் தூங்குகிறது. பசித்த ஈ தூங்காமல் உணவு தேடும். குஞ்சு ஈ நிறையத் தூங்கும். கிழ ஈக்குத் தூக்கம் துண்டு துண்டாகும். மதிய வெயிலில் குட்டித் தூக்கமும் உண்டு, சூடு கூடினால் அந்த மதியத் தூக்கம் நீளும். நம் வீட்டுத் தாத்தாவின் ஒரு நாளை எழுதினாலும் பெரிய மாற்றம் இருக்காது.

தூங்காவிட்டால் பூச்சி செத்துப்போகுமா?

இங்கே ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் குழு 2019-இல் எழுதியது: சில பெண் பழ ஈக்கள் நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டுமே தூங்கியும் வாழ்கின்றன. மறு ஆண்டு ஹார்வர்டு குழு வேறொன்றைக் காட்டியது. தூக்கத்தை வெகுவாகக் குறைத்த ஈக்களின் குடலில் அணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் குவிகின்றன, ஆயுள் குறைகிறது. அவற்றை முறிக்கும் பொருளை ஊட்டினால் தூங்காமலேயே வழக்கமான ஆயுள் வாழ்கின்றன. தூக்கம் மூளைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குடல் என்ற பதில் எதிர்பாராதது. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. சில ஈக்கள் குறைவாகத் தூங்கித் தப்பிப்பதால் தூக்கமே வேண்டாம் என்று ஆகிவிடாது.

பூச்சிகள் கனவு காணுமா?

கனவு என்று சொல்லச் சான்றில்லை. கிட்டத்தட்ட அந்தப் பக்கம் போவது ஒரு சிலந்தி. அதுவும் எட்டுக் கால், பூச்சியில்லை. தாவும் சிலந்தியின் குஞ்சுக்கு உடல் கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே விழித்திரைக் குழாய்கள் அசைவதைப் பார்க்கலாம். இரவில் நூலில் தொங்கித் தூங்கும்போது அவை இடையிடையே ஆடுவதையும், கூடவே கால்கள் துடிப்பதையும் 2022-இல் பதிவு செய்தார்கள். நாம் கனவு காணும் நேரத்தில் கண் உருளுவதை அது நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். தேனீயின் தூக்கத்துக்கு நினைவோடு தொடர்புண்டு என்பது மட்டும் தெளிவு: ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் பழகிய மணத்தை மறுபடி காட்டினால் பாடம் நன்றாகப் பதிகிறது.

பிள்ளைகளோடு போய்ப் பார்க்க எங்கே, எப்போது?

இயற்கை வனப்பகுதிகள் மாலை 7 மணிக்கு மூடிவிடும். ஆகவே சமூகத் தோட்டமோ வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவோ போதும். ஏழேகால், ஏழரைக்குப் போங்கள். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டுங்கள். பல பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் தேடுங்கள். புல் நுனியில் தும்பி, இலையடியில் சிறகை மூடிய வண்ணத்துப்பூச்சி, காய்ந்த தண்டில் தேனீ. தூங்குகிறதா என்று பார்க்கத் தொட வேண்டாம், தண்டை லேசாக ஊதுங்கள். உணர்கொம்பு அசையாவிட்டால் தூக்கமாக இருக்கலாம். உடனே அசைந்தால் விழித்திருக்கிறது. ஒருமுறை ஊதினால் போதும், அடுத்த பூச்சிக்குப் போங்கள். பிடித்து டப்பாவில் போடுவதற்குப் பூங்காக்களில் அனுமதியும் இல்லை. கொசுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு போனால் ஒன்றையும் பார்க்க முடியாது. கைக்கும் காலுக்கும் கொசுத் தைலம் தடவிக்கொண்டு முழுக்கால் சட்டை போட்டுப் போங்கள்.